அரண்மனையும் பள்ளிவாசலும் அங்காடியும்: இப்னு கல்தூன் வரலாறு

ஒரு மனிதனின் ஒரு நாளைய ரொட்டியிலிருந்து தம் ஆராய்ச்சியைத் தொடங்கியவர் இப்னு கல்தூன். கோதுமையை அரைக்க வேண்டும், பிசைய வேண்டும், சுட வேண்டும். இம்மூன்று தொழிலுக்கும் கொல்லனும் தச்சனும் குயவனும் செய்து தந்த கருவிகள் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னே உழவும் விதைப்பும் அறுவடையும் போரடிப்பும் நடந்திருக்க வேண்டும். தனியொருவன் ஆற்றலால் ஒருவேளைச் சோறும் கைகூடாது. ஆனால் பலர் கூடி உழைத்தாலோ, உழைத்தவர் தேவைக்குப் பன்மடங்கு மிஞ்சும். அந்த மிச்சத்தைக் காப்பவர் யார், கொண்டு சேர்ப்பவர் யார், இல்லாதவனுக்கு வழங்குபவர் யார் என்னும் வினா அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்து வந்தது. அரசின் பங்கு எது, சமயத்தின் பங்கு எது, சந்தையின் பங்கு எது எனப் பொருளியல் துறை மாணாக்கர் இன்று பாடமாகப் பயிலும் இப்பொருளை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் எண்ணிப் பார்த்த அப்பெருமகனாரின் வாழ்வை ஈண்டுக் காண்போம். அவர் ஏட்டறிவு கொண்டு மட்டும் விடை தேடியவரல்லர். அமைச்சராகவும் கைதியாகவும் வரி தண்டுபவராகவும் நீதிபதியாகவும் இருந்து, மூன்று வாயில்களிலும் நின்று பார்த்தவர்.

இளமையும் கொள்ளைநோயும்

அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் கி.பி. 1332ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், ஹிஜ்ரி 732 ரமலான் முதற்பிறையில், தூனிஸ் நகரில் பிறந்தார். முன்னோர் எமன் நாட்டு ஹள்ரமவ்த் பகுதியினர். பின்னர் அவர்கள் ஸ்பெயினின் செவில் நகரில் பெருங்குடியாக வாழ்ந்து, 1248இல் அந்நகர் காஸ்டில் அரசின் கைப்படுமுன் வட ஆப்பிரிக்கா வந்து சேர்ந்தனர். தந்தையார் அரசியலை விடுத்துக் கல்வியில் தோய்ந்தவர். மைந்தரும் திருமறையை மனனம் செய்து, ஹதீஸ், பிக்ஹு, இலக்கணம், கவிதை எனக் கற்று வந்தார். 1347இல் மரீனிய அரசர் அபுல் ஹசன் தூனிஸைக் கைப்பற்றியபோது அவருடன் வந்த அறிஞர் கூட்டத்தில் அல்ஆபிலீ என்பவரும் இருந்தார். தருக்கத்தையும் தத்துவத்தையும் அவரிடமே நம் அறிஞர் கற்றார்.

அடுத்து வந்தது கருங்கொள்ளை. 1348, 1349ஆம் ஆண்டுகளில் அக்கொள்ளைநோய் தூனிஸில் புகுந்து அவருடைய தாய் தந்தையரையும் ஆசிரியர் பலரையும் கொண்டு சென்றது. அப்போது அவருக்கு வயது பதினேழைத் தாண்டவில்லை. ஊர்கள் காலியாயின, வழித்தடங்கள் மறைந்தன, மாளிகைகள் வெறிச்சோடின. மக்கள்தொகை குறைந்தால் தொழில் குறைகிறது, தொழில் குறைந்தால் வளம் குறைகிறது, வளம் குறைந்தால் அரசும் தளர்கிறது என்று பிற்காலத்தில் அவர் நிறுவிய கோட்பாட்டின் வேர், பெற்றோரை இழந்த அந்த இளைஞனின் கண்முன் பாழாய்க் கிடந்த தெருக்களில் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

இருபது வயதளவில் தூனிஸ் அரசில் ஆணைகளுக்கு முத்திரை வாசகம் எழுதும் பணி கிடைத்தது. அது சிறு பணி. 1354இல் மொரோக்கோவின் பாஸ் நகர் சென்று அரசர் அபூ இனானின் அவையில் இடம் பெற்றார். உலகம் சுற்றிய இப்னு பதூதா தம் பயணக் கதைகளை அந்நகரில் கூறிவந்த காலம் அது. மஅபர் என்று அரபியர் அழைத்த நம் மண்ணுக்கும் வந்து, மதுரைச் சுல்தானின் விருந்தினராக இருந்து திரும்பியவர் அவர். இந்தியாவைப் பற்றி அவர் சொன்னவற்றை அவையினர் நம்பவில்லை. இப்னு கல்தூனும் ஐயுற்றார். தான் காணாதது என்பதாலேயே ஒன்றைப் பொய்யென்று தள்ளலாகாது என்று அமைச்சர் ஒருவர் அவரைத் திருத்தினார். சிறையிலேயே வளர்ந்து, எலியை மட்டுமே கண்ட சிறுவன், ஆடும் எலி போன்றதே என எண்ணிய கதையை அமைச்சர் எடுத்துக்காட்டினாராம். 1357இல் நம் அறிஞரே சிறை புக நேர்ந்தது. பதவியிழந்து பாஸில் இருந்த பிஜாயா நகர் இளவரசர் ஒருவருடன் சேர்ந்து சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அரசர் 1358இல் இறக்கும்வரை ஏறத்தாழ இரண்டாண்டுகள் உள்ளேயே கிடந்தார்.

அதன்பின் கிரனாடா சென்றதும், 1364இல் காஸ்டில் மன்னர் பேத்ரோவிடம் தூது போனதும், செவிலில் முன்னோர் இழந்த சொத்துகளைத் திருப்பித் தருவதாக அம்மன்னர் கூறியும் அவர் ஏற்க மறுத்ததும் விரித்துரைக்கத் தக்கனவே எனினும், நம் பொருளுக்கு இன்றியமையாதது அடுத்து வரும் பிஜாயா வாழ்வு.

வரி தண்டச் சென்றவர்

முன்பு சிறைக்குக் காரணமாயிருந்த அதே இளவரசர் பிஜாயாவைத் திரும்பப் பெற்றதும், 1365இல் இப்னு கல்தூனை அழைத்து ஹாஜிப் என்னும் தலைமை அமைச்சர் பதவியில் அமர்த்தினார். அரசு அலுவல் முடிந்ததும் அவர் கோட்டைப் பள்ளிவாசலுக்குச் சென்று மாணவர்க்குப் பாடம் சொல்வார். ஒரே நாளில் அரண்மனைப் பணியும் பள்ளிவாசல் பணியும்! ஆனால் அரசர் தம் உறவினரான கான்ஸ்டன்டைன் நகர ஆட்சியாளருடன் போரிட்டுத் தோற்றார். கருவூலம் வற்றியது. மலைகளில் வாழ்ந்த பெர்பர் குடிகள் நெடுநாளாக வரி செலுத்தாதிருந்தனர். அங்கே படையுடன் சென்று பிணையாட்களைப் பிடித்து வரி தண்டி வந்தவர் வேறு யாருமல்லர், அறிஞர் இப்னு கல்தூனே.

இச்செய்தியை மறைத்து எழுதும் வாழ்க்கை வரலாறுகள் உண்டு. நாம் மறைக்க விரும்பவில்லை. மிகைவரி நாட்டைக் கெடுக்கும் என்று எழுதிய கை, வன்மையால் வரி வாங்கிய கையாகவும் இருந்தது. அவ்வாறு திரட்டிய பணமும் அரசரைக் காக்கவில்லை. 1366இல் அவர் கொல்லப்பட்டார். நகரை வென்றவரிடமே ஒப்படைத்துவிட்டு நம் அறிஞர் வெளியேறினார். அடுத்த சில ஆண்டுகள் பாலைவனக் குலங்களை ஓர் அரசனுக்கும் மற்றோர் அரசனுக்குமாகத் திரட்டித் தருவதில் கழிந்தன. அவர் கட்சி மாறிய முறையை அறிஞர் பலர் கடிந்துள்ளனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அரசு எவ்வாறு எழுகிறது, எவ்வாறு அழுகுகிறது என்பதை உள்ளிருந்து காணும் வாய்ப்பு அவ்வாறு மாறியதாலேயே அவருக்கு வாய்த்தது.

1375இல் அலைச்சல் சலித்தது. இன்றைய அல்ஜீரியாவில் உள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் தனிக்கோட்டையில் குடும்பத்துடன் தங்கினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அங்கே அரசர் எவரும் இல்லை, தூதும் இல்லை. உலக வரலாற்றுக்கு முன்னுரையாக அமைந்த முகத்திமாவின் முதல் வடிவம் அங்கேதான் 1377இல் ஐந்தே திங்களில் எழுந்தது.

முகத்திமா காட்டும் எல்லைகள்

மனிதர் கூடி வாழ்ந்தாலன்றித் தேவை நிறைவேறாது. கூடி வாழ்ந்தால் ஒருவர் பொருளை மற்றவர் கவர முனைவர். ஆகவே தடுப்பவர் ஒருவர் வேண்டும். அரசு என்பதற்கு அவர் காணும் அடிப்படை இதுவே. இறைத்தூதர் வழிகாட்டல் இல்லாத மக்களிடமும் அரசு இருந்துள்ளது என்று அவர் தயங்காமல் ஒப்புகிறார். அறிவு கொண்டு மட்டும் நடத்தும் ஆட்சி இம்மை நலத்தைப் பேணக்கூடும். மார்க்கத்தின்வழி நடக்கும் ஆட்சியோ இம்மையையும் மறுமையையும் ஒருங்கே நோக்குவது. ஒரு மாலிகி மார்க்க அறிஞர் இவ்வளவு நடுநிலையுடன் எழுதியிருப்பதை நம் மாணாக்கர் கருத்திற்கொள்ள வேண்டும்.

வரி பற்றிய அவர் கருத்து பெரும்புகழ் பெற்றது. ஆட்சியின் தொடக்கத்தில் வரிவிகிதம் குறைவு, வருவாய் மிகுதி. முடிவில் வரிவிகிதம் மிகுதி, வருவாய் குறைவு என்பது அதன் சாரம். தொடக்கத்தில் அரசு மார்க்கம் வரையறுத்த ஜகாத், நிலவரி போன்றவற்றோடு நின்றுகொள்கிறது. வரம்பு தெரிந்திருப்பதால் மக்கள் ஊக்கத்துடன் தொழில் செய்கின்றனர். பின்னர் ஆடம்பரம் பெருகி, படைச்செலவு பெருகி, நகரவாயிலிலும் அங்காடியிலும் புதுப்புதுச் சுங்கங்கள் முளைக்கின்றன. ஆதாயம் இல்லையென்று கண்டவன் கையை மடக்கிக்கொள்கிறான். எகிப்தில் அத்தகைய சுங்கங்களை நீக்கிய ஸலாஹுத்தீன் அய்யூபியை அவர் நன்றியுடன் நினைவுகூர்கிறார். 1981 அக்டோபரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் செய்தியாளர் கூட்டமொன்றில் இக்கருத்துக்காக இப்னு கல்தூன் பெயரைக் கூறியது பலரும் அறிந்ததே.

ஆனால் வரியைக் குறைக்கச் சொன்னவர் என்று மட்டும் அவரைப் பிடித்துக்கொள்வோர் அந்நூலின் பாதியையே படித்தவராவர். அரசே நாட்டின் பெருஞ்சந்தை என்றும் அவர் எழுதினார். வாங்கிய வரியை அரசன் பூட்டி வைத்தால், படைவீரனும் பணியாளனும் கடைக்குச் செல்லமாட்டான். கடை சோம்பினால் வரியும் சோம்பும். பணம் குடிகளிடமிருந்து அரசுக்கும் அரசிடமிருந்து குடிகளுக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரசு ஒதுங்கி நின்றால் போதும் என்று அவர் சொல்லவேயில்லை.

அரசு செய்யக்கூடாதது எது? வாணிகம். இதில் அவர் மிகக் கண்டிப்பானவர். வருவாய் குறைந்த அரசன் தானே உழவும் வாணிகமும் செய்யத் துணிகிறான். சிறு வணிகர் தம்முள் போட்டியிடுவர். அவரவர் முதல் ஏறத்தாழ ஒத்த அளவினது. அங்கே அரசன் புகுந்தால் எவன் ஈடுகொடுப்பான்? விளைபொருளை அற்ப விலைக்குப் பறிப்பான். தன் சரக்கைக் கூடிய விலைக்கு வணிகர் தலையில் கட்டுவான். அச்சரக்கு விற்காமல் தேங்க, வணிகன் கையில் இருந்த முதல் அழிகிறது, கடையை மூடுகிறான். அரசனுக்குக் கிட்டிய ஆதாயம் சிறிது, இழந்த வரியோ பெரிது. அரசன் சரக்குக்குச் சுங்கம் வாங்கத் துணிபவன் யார் என்றும் எண்ணிப் பார்க்கச் செய்கிறார். கூலியின்றி வேலை வாங்குவதை அவர் கொடுமைகளுள் பெருங்கொடுமை என்கிறார். உழைப்பே ஏழையின் சொத்து; அதைப் பறிப்பது சொத்தைப் பறிப்பதே என்பது காரணம்.

சந்தையிலும் அவர் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுக்கவில்லை. விலை மிகத் தாழ்ந்தால் விளைவித்தவனும் விற்பவனும் கெடுவர்; மிக உயர்ந்தால் வாங்குபவன் கெடுவான்; நடுத்தரமே நன்று. தானியத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கிறார். ஏழையும் செல்வனும் ஒப்ப உண்பது அது. அதன் விலை தாழ்வாயிருப்பதே மேல். பஞ்சம் பார்த்துத் தானியம் பதுக்குவோனைப் பற்றியும் ஓர் அரிய விளக்கம் தருகிறார். வேறு வழியின்றி விலை கொடுத்தவர்களின் மனம் தாம் கொடுத்த பணத்தை விட்டு நீங்குவதில்லை. அம்மனக்குறையே பதுக்கியவன் ஆதாயத்தை அரித்துவிடும் என்பது அவர் கொள்கை. பொருளியலார் இதை ஏற்பரா என்பது ஐயமே. பெருநாள் சமயத்தில் விலையேற்றிய கடைக்காரரை நம் தாய்மார் நினைவில் வைத்திருக்கும் பாங்கு தெரிந்தவர்கள் ஏற்பார்கள்.

ஏழைகளைப் பற்றி அவர் கண்டெழுதியது ஒன்று நம்மை வியக்க வைக்கிறது. பாஸ் நகரத்து இரவலர் ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானிக்கே பணம் கேட்பார்களாம். இறைச்சியும் வெண்ணெயும் உடையும் சல்லடையும் பாத்திரமும் கேட்பார்களாம். வளங்குன்றிய வஹ்ரான் நகரில் ஓர் இரவலன் அப்படிக் கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும். எகிப்து மக்கள் இயல்பிலேயே ஈகையுடையோர் என்று கருதி மக்ரிபு ஏழைகள் அங்கே செல்லத் துடித்தனர். இப்னு கல்தூன் அவ்வாறு கருதவில்லை. அங்கே தொழில் பெருகியிருக்கிறது, ஆகவே ஈகையும் பெருகியிருக்கிறது என்றார். ஈயும் மனத்தைச் சமயம் தரும். ஈவதற்குரிய பொருளைச் சந்தைதான் தர வேண்டும். சந்தை நடப்பதற்குரிய நீதியை அரசு தர வேண்டும். இந்தச் சங்கிலியை அவர் எங்கும் ஒரே வரியில் எழுதிவிடவில்லை. பல அதிகாரங்களில் சிதறிக் கிடப்பதை நாம் கோத்துக் கொள்கிறோம்.

மார்க்கப் பணியாளர் நிலையும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. காஜி, முப்தி, ஆசிரியர், இமாம், முஅத்தின் ஆகியோர் பெரும்பாலும் செல்வராவதில்லை. ரொட்டி சுடுபவனைத் தேடுவதுபோல் பொதுமக்கள் நாள்தோறும் அவர்களை விலை கொடுத்துத் தேடுவதில்லை. எனவே அரசுதான் அவர்களுக்கு ஒரு பங்கை ஒதுக்க வேண்டியுள்ளது. அதுவும் படைவீரன் பெறும் பங்குக்கு நிகராகாது. இதனை மறுத்த ஒருவரிடம், கலீபா மஃமூன் அரண்மனையின் பழைய கணக்கேட்டுக் கிழிசல்களைக் காட்டி, இமாம்களும் காஜிகளும் பெற்ற ஊதியத்தை மெய்ப்பித்தாராம். ஆசிரியப் பெருமக்கள் இப்பகுதியைப் படித்தால் புன்னகைப்பர்.

கெய்ரோவில் ஒரு காஜி

1378இல் தூனிஸ் திரும்பினார். அங்கே பொறாமை எழுந்தது. 1382இல் ஹஜ்ஜுப் பயணம் என்று விடைபெற்று அலெக்சாந்திரியா அடைந்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கெய்ரோ புகுந்தார். அத்துணைப் பெரிய நகரை அவர் அதற்குமுன் கண்டதில்லை. மம்லூக் சுல்தான் பர்கூக் அவரை ஆதரித்தார். அல்அஸ்ஹரில் பாடம் சொன்னார். 1384இல் கம்ஹிய்யா மதரஸாவின் ஆசிரியரானார். அவ்வாண்டிலேயே மாலிகி மத்ஹபின் தலைமைக் காஜியாக அமர்த்தப்பட்டார்.

கெய்ரோவில் மதரஸாக்களும் கான்காஹ்களும் மலிந்திருந்ததற்கு அவர் கூறும் காரணத்தை வக்பு நிருவாகிகள் ஊன்றிப் படிக்க வேண்டும். துருக்கியத் தளபதிகள் தம் மறைவுக்குப் பின் சுல்தான் தம் மக்களின் சொத்தைக் கைப்பற்றுவாரோ என அஞ்சினர். ஆகவே மதரஸா கட்டி, நிலங்களையும் கட்டடங்களையும் அதற்கு வக்பு செய்து, தம் மக்களை அதன் பொறுப்பாளராகவும் பங்குடையோராகவும் எழுதி வைத்தனர். நன்மை நாடும் எண்ணமும் உடன் இருந்தது. இவ்வாறு அரசு மேலிருந்த அச்சமும் மறுமைப் பயன் குறித்த ஆசையும் கலந்து பிறந்த அறக்கட்டளைகளால், இராக்கிலிருந்தும் மக்ரிபிலிருந்தும் மாணவர் வந்து குவிந்தனர். அறத்தின் தோற்றுவாய் முற்றும் தூயதாயிருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதன் பயன் மாணவனைச் சென்றடைகிறதா என்று மட்டும் பார்த்தார்.

அங்கேதான் மோதல் வந்தது. பத்திரம் எழுதுவோரும் சாட்சிகளும் பெரிய மனிதர்களின் நிழலில் ஒதுங்கி, வக்புப் பத்திரங்களில் சட்டநுணுக்க ஓட்டைகளைத் தேடிக் கண்டு, அச்சொத்துகளை விற்கவும் மாற்றவும் வழி செய்து வந்தனர். தகுதியற்றோர் முப்தி என அமர்ந்து ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினர். இப்னு கல்தூன் பொய்ச்சாட்சிகளைத் தண்டித்தார். தளபதிகளின் பரிந்துரைகளைத் திருப்பினார். பத்திரங்களின் உண்மையை ஆராய்ந்தார். எதிர்ப்பு புயலாயிற்று. அவ்வேளையில்தான், தூனிஸிலிருந்து அவருடைய மனைவி மக்கள் வந்த கப்பல் அலெக்சாந்திரியாவை அணுகும்போது புயலில் மூழ்கியது. பதினேழு வயதில் பெற்றோரை நோய்க்குக் கொடுத்தவர், ஐம்பத்திரண்டாம் வயதில் குடும்பத்தைக் கடலுக்குக் கொடுத்தார். 1385இல் பதவி போயிற்று. 1387இல் ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றினார்.

அங்காடியில் சமயத்தின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு முஹ்தஸிப் பதவியை அவர் விளக்கும் பகுதி சான்றாகும். எடையும் அளவும் சரிபார்ப்பது மட்டுமன்று அவ்வதிகாரியின் வேலை. சுமைகூலியின் முதுகில் மிகைச்சுமை ஏற்றுவதைத் தடுப்பார். படகில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதைத் தடுப்பார். இடிந்து விழும் நிலையிலுள்ள வீட்டை இடிக்கச் சொல்வார். மாணவரை மிகையாய் அடிக்கும் ஆசிரியரைக் கண்டிப்பார். வழக்காகக் காஜியிடம் வருமுன்பே தெருவில் தீர்க்கப்பட வேண்டியவை இவை.

1389இல் ஒரு கலகத்தில் பர்கூக் அரியணை இழந்தபோது, கலகக்காரர் வற்புறுத்தலால் அவருக்கெதிரான பத்வாவில் பிற அறிஞரோடு இப்னு கல்தூனும் கையொப்பமிட்டார். மறு ஆண்டு சுல்தான் மீண்டார். பைபர்ஸ் கான்காஹின் தலைமை இவர் கையை விட்டுப் போயிற்று. அரசின் பிடி ஓர் அறிஞனின் எழுதுகோலை எவ்வாறு வளைக்கும் என்பதற்கு வெளியே சான்று தேட வேண்டியதில்லை. சுல்தான் மறைந்த 1399இல், அவர் மறையுமுன், மீண்டும் காஜி பதவி அளித்திருந்தார்.

1401 தொடக்கத்தில் தைமூர் திமஷ்க் நகரை முற்றுகையிட்டார். இளஞ்சுல்தான் பரஜ் கெய்ரோவுக்குத் திரும்பிவிட, உள்ளே சிக்கிய இப்னு கல்தூன் மதிலிலிருந்து கயிற்றால் இறங்கித் தைமூரைச் சென்று கண்டார். திருமறைப் பிரதி, தொழுகை விரிப்பு, புர்தா ஏடு, எகிப்திய இனிப்புப் பெட்டிகள் ஆகியவற்றைக் காணிக்கையாக்கினார். ஒரு மாதத்துக்கு மேல் உரையாடல் நடந்தது. மக்ரிபு நாட்டைப் பற்றித் தைமூர் கேட்டபடி எழுதியும் தந்தார். நகரோ தப்பவில்லை, சூறையாடப்பட்டது, உமய்யாப் பெரும்பள்ளி தீக்கிரையாயிற்று. அவருடைய கோவேறு கழுதையைத் தைமூர் வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் கொள்ளையர் அவர் உடைமைகளைப் பறித்தனர். பின்னர்க் கழுதையின் விலை தைமூரிடமிருந்து வந்தபோது, எகிப்து அரசின் இசைவு பெற்ற பின்னரே அதைத் தொட்டார்.

எஞ்சிய ஆண்டுகளில் பதவி தருவதும் பறிப்பதுமாக இருந்தனர். 1403இல் நைல் குன்றி எகிப்தைப் பஞ்சம் பிடித்தது. அவரிடம் பயின்ற அல்மக்ரீஸி முன்பே கெய்ரோவின் முஹ்தஸிபாகப் பணியாற்றியவர். அவர் 1405இல் அப்பஞ்சத்தைப் பற்றித் தனிநூல் எழுதி, நைலை மட்டும் பழிக்காமல், விலைக்கு விற்கப்பட்ட பதவிகளையும் ஏறிப்போன நிலக்குத்தகையையும் அளவின்றி அடிக்கப்பட்ட செப்புக்காசையும் காரணமாகக் காட்டினார். ஆசிரியர் கோதுமை ரொட்டியில் தொடங்கியதை மாணவர் கோதுமை இல்லாத சந்தையில் தொடர்ந்தார்.

ஆறாம் முறையாகக் காஜி பதவியில் அமர்ந்த சில நாட்களில், ஹிஜ்ரி 808 ரமலான் 26, கி.பி. 1406 மார்ச் 17ஆம் நாள் இப்னு கல்தூன் (ரஹ்) காலமானார். கெய்ரோவின் பாபுந் நஸ்ர் வாயிலுக்கு வெளியே சூபிகளின் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.